கண் சிமிட்டாமல் ஒரு நிமிடம்

(திருச்சிராப்பள்ளியில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். யாருக்கெல்லாம் கண் சொருகும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் ஒரு சின்ன வேலை. எல்லோரும் என்னைப் பாருங்கள். இப்போதிலிருந்து ஒரு நிமிடம் யாரும் கண் சிமிட்டக் கூடாது. நான் பேசிக்கொண்டிருப்பேன், நீங்கள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். முடிவில் கேள்வி கேட்பேன். ஆரம்பிக்கலாமா?

நம் ஊருக்கு மேற்கே முக்கொம்பு. எத்தனையோ முறை பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருப்போம். அங்கேதான் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம், தெற்குக் கிளை காவிரி. இடையில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். கொள்ளிடத்தில் தண்ணீர் வீணாகப் போகாமல் இருக்க 1830-களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார். வேண்டிய நேரத்தில் திறக்கவும் மற்ற நேரத்தில் மூடவும் பிறகு மதகுகள் வந்தன. 2018 ஆகஸ்ட் மாத வெள்ளத்தில் அந்த மதகுகள் சில உடைந்து போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

போதும், சிமிட்டிக்கொள்ளுங்கள். இப்போது கேள்வி. வடக்குக் கிளையின் பெயர் என்ன என்று கேட்கமாட்டேன், அது எல்லோருக்கும் தெரியும். மேலணை எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று சொன்னேன்? மூன்று பேர் கை தூக்குகிறீர்கள். இந்த அறையில் எண்பது பேர் இருக்கிறோம்.

யாரையும் குறை சொல்லவில்லை. நீங்கள் கண்ணை அடக்கினீர்கள். அடக்கவும் முடிந்தது. ஆனால் அந்த நேரத்தில் பாடம் போய்விட்டது. ஒரு நிமிடத்துக்கே இப்படி என்றால், நாற்பது நிமிடப் பாடவேளை, ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை இதையே செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பையனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவன் என் வகுப்பில்தான் இருந்தான். நான் கணக்கு டீச்சர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவன் ஏழாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்துப் பையன். அம்மா பூக்கட்டுகிறவர். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். ஜூன் மாதம் பார்த்தபோது அடிக்கடி கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டினான். கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆகஸ்டில் தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. சளி என்று நினைத்தேன். செப்டம்பரில் தலையை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தான், கூடவே நாய்க்குட்டி கத்துவது போல ஒரு சிறு ஒலி. வகுப்பு சிரித்தது. ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டே ‘ஆகவே’ என்றேன். பின்னாலிருந்து ‘ஆகவே’ என்று ஒரு குரல். திரும்பினேன். அவன்தான். என் குரலைப் போலவே இருந்தது.

அதற்கு மேல் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வெளியே நிற்க வைத்தேன்.

மறுநாள் சத்தம் குறைந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. தண்டனை வேலை செய்கிறது என்று ஓய்வறையில் சொன்னேன். சக ஆசிரியர்களும் தலையாட்டினார்கள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

அம்மாவை வரச் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: “வீட்ல ஓயாம பண்றான் டீச்சர். ஸ்கூல்ல அவ்வளவு இல்லைன்னு நீங்க சொல்றீங்க. அப்ப வேணும்னுதான பண்றான்?” எனக்கும் அது சரியான கணக்காகத்தான் பட்டது. இங்கே அடக்க முடிகிறது என்றால் அங்கேயும் அடக்கலாமே.

ஆனால் அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. முதலில் கண் மருத்துவர், பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர். பாட்டி துளசியும் ஆடாதோடையும் கொடுத்தார். ஒருவர் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கவைத்தால் சரியாகும் என்று உறவுக்காரர் சொன்னாராம். கோயிலுக்குப் போவதைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன், நானும் போகிறவள்தான். ஆனால் 48 நாள் பள்ளி போய்விடும், மருத்துவரைப் பார்ப்பதும் தள்ளிப்போகும். நல்ல வேளையாக அவர்கள் அதற்கு முன் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து ஒரு சீட்டு வந்தது. அதில் ‘டூரெட் சிண்ட்ரோம்’ என்று எழுதியிருந்தது. இருபது ஆண்டு பணி அனுபவத்தில் நான் அந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

பிரான்சில் ஜில் த லா டூரெட் என்ற நரம்பியல் மருத்துவர் 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. நாம் விரும்பாமலே திடீரென்று வரும் உடல் அசைவு அல்லது ஒலிக்கு ‘டிக்’ என்று பெயர். பல வகை அசைவு டிக்குகளும் குறைந்தது ஓர் ஒலி டிக்கும் ஓராண்டுக்கு மேல் நீடித்தால், 18 வயதுக்கு முன் தொடங்கியிருந்தால், அது டூரெட். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்குகிறது. பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகிறது. அதாவது சரியாக நம் நடுநிலை வகுப்புகளில். பதின்ம வயதின் இறுதியில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 3 முதல் 8 பேர் வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் வேறு பெயர் வைத்திருப்போம். சேட்டை, கோணங்கி, நரம்புத் தளர்ச்சி.

முக்கொம்புக்குத் திரும்புகிறேன். நம் மூளையிலும் ஆழத்தில் மதகுபோன்ற ஓர் அமைப்பு இருக்கிறது, பேசல் கேங்க்லியா என்பார்கள். உடலில் எழும் அசைவுகளில் வேண்டியதை விட்டு வேண்டாததை நிறுத்திவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டூரெட் உள்ளவருக்கு அங்கே கசிவு. இதில் மரபணுவின் பங்கு அதிகம். வளர்ப்பினால் வருவதில்லை. செல்லம் கொடுத்ததனாலோ கைபேசி பார்த்ததனாலோ வந்தது என்று எந்தத் தாயிடமும் சொல்லிவிடாதீர்கள்.

டிக் வருவதற்கு முன் பலருக்கு ஓர் உறுத்தல் தெரியும். தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஒன்று தெரியுமே, அதுபோல. தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கலாம். அடக்க முடிகிறது என்பதால் தும்மலை வேண்டுமென்றே வரவழைத்தோம் என்று யாரும் சொல்வதில்லை. தம்பி பள்ளியில் அடக்கினான். மாலை நாலரை மணிக்கு வீட்டு வாசலில் காலை வைத்ததும் மதகு திறந்துகொண்டது. அந்த அம்மா பார்த்தது ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த தண்ணீரை.

இப்போது நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன இடம். டிக் ஒரே அளவில் இருப்பதில்லை. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். ஒன்று போய் இன்னொன்று வரும். நாம் எப்போது மருந்தையோ தாயத்தையோ பிரம்பையோ தேடுகிறோம்? உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் தானாக வரும். அப்போது தாயத்துக் கட்டியிருந்தால் தாயத்துக்குப் பெயர், வெளியே நிற்க வைத்திருந்தால் டீச்சருக்குப் பெயர். நான் வாங்கிக்கொண்ட பெயர் அப்படிப்பட்டது. டிசம்பரில் எல்லாம் திரும்பி வந்தது, இரண்டு மடங்காக. அரையாண்டுத் தேர்வு ஒரு பக்கம், வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைய உறவினர், பூ வியாபாரத்துக்கு இரவெல்லாம் விழிப்பு இன்னொரு பக்கம். பயம் மட்டுமல்ல, சந்தோஷமும் தூக்கக் குறைவும்கூட டிக்கை ஏற்றும். இது எனக்கு அப்போது தெரியாது.

அந்தச் சீட்டு வந்த வாரம் நோட்டுத் திருத்துவதற்காக அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு கன்னம் உப்பியிருந்தது. வாயில் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. கையை நீட்டினேன். சுருட்டிய கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான். நனைந்து, ஓரமெல்லாம் கடிபட்டு, ஒரு இடத்தில் லேசாகச் சிவப்பு. “சத்தம் வராம இருக்கறதுக்கு டீச்சர்” என்றான். என் பாடவேளைக்கு மட்டும்தான் அதை வைத்துக்கொள்வானாம். மற்ற ஆசிரியர்கள் அவ்வளவு கோபப்படமாட்டார்கள் என்றும் சொன்னான். குற்றம்சாட்டும் குரலில் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு நமக்கெல்லாம் மனப்பாடம். உடல் தண்டனையும் மன உளைச்சலும் கூடாது. நான் அவனை அடிக்கவே இல்லை. அவன்தான் எனக்காகத் தன்னை அடித்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பிரச்சினை புதியது அல்ல, ஆசிரியர்களுக்கும் வந்திருக்கிறது. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனை நாம் கேள்விப்பட்டிருப்போம். அவருக்கு இருந்த முகக் கோணல்களையும் ஒலிகளையும் அவருடைய நண்பர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்த இக்கால மருத்துவர்கள் பலர் அது டூரெட்டாக இருந்திருக்கும் என்கிறார்கள். 1735-இல் சோலிஹல் என்ற ஊர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக அவர் முயன்றபோது, அந்த முகச் சுளிப்பு பிள்ளைகளைப் பாதிக்கும் என்று பொறுப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து, 1755-இல், அகராதி வெளிவந்தது.

நம் காலத்தில் பிராட் கோஹன் என்ற அமெரிக்க ஆசிரியர். சிறுவயதில் ஓர் ஆசிரியை அவரை வகுப்பின் முன்னால் நிற்க வைத்து, சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வேறொரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை மேடைக்கு அழைத்து, ஏன் இந்தச் சத்தம், உன்னால் நிறுத்த முடியுமா, நாங்கள் என்ன செய்யலாம் என்று எல்லோர் முன்னாலும் மரியாதையாகக் கேட்டார். இரண்டிலும் பிள்ளை முன்னால்தான் நின்றான் என்பதைக் கவனியுங்கள். வளர்ந்து ஆசிரியர் வேலைக்குப் போனபோது 24 பள்ளிகள் அவரை மறுத்தன. 25-ஆவது எடுத்துக்கொண்டது. அவருடைய புத்தகத்தைத் தழுவித்தான் 2018-இல் ராணி முகர்ஜி நடித்த ‘ஹிச்கி’ என்ற இந்திப் படம் வந்தது. முடிந்தால் பாருங்கள். நம் நகைச்சுவைக் காட்சிகளில் கண்ணை வெட்டுகிறவரையும் தோளைக் குலுக்குகிறவரையும் பார்த்துச் சிரித்துப் பழகிய நமக்கு அது ஒரு மாற்று மருந்து.

கண்ணை வெட்டுவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் ஒற்றைக் கண் சிமிட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அப்படி ஒரு டிக் இருந்து, எதிரே ஒரு மாணவி இருந்தால், விஷயம் எங்கே போய் முடியும்? அதேபோல், டூரெட் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கெட்ட வார்த்தை டிக்காக வரும். சினிமாவில் எல்லோருக்கும் வருவதுபோல் காட்டுகிறார்கள், அப்படி இல்லை. ஆனால் வருகிற பிள்ளைக்கு நம்மைவிட அதிகமாகக் கூசும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டால், அந்த நாள் வரும்போது தலைமையாசிரியர் அறையில் ஒருவராவது அந்தப் பிள்ளை பக்கம் பேச முடியும்.

சரி, வகுப்பில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். நான் செய்ததில் பாதி தவறு, அதையும் சொல்கிறேன். முதலில் அவனை முன் பெஞ்சுக்கு மாற்றினேன். அக்கறை என்றால் முன் பெஞ்சு என்பதுதானே நம் வழக்கம். அவனுக்கு அது நரகமாக இருந்தது. முன்னால் உட்கார்ந்தால் அறுபது கண்கள் முதுகில். எங்கே உட்கார விருப்பம் என்று கேட்டிருக்கலாம். பிறகு கேட்டேன். கதவோரம், மூன்றாவது பெஞ்சு என்றான். முடியாதபோது பேனா மூடியை மேசை நுனியில் வைத்துவிட்டு வெளியே போவான், தண்ணீர்த் தொட்டிவரை நடந்துவிட்டு வருவான். முதல் வாரம் நாலைந்து தடவை போனான். இரண்டாவது மாதத்தில் மூடியை வைப்பதே அரிது. போகலாம் என்று தெரிந்ததும் போகவேண்டிய தேவை குறைந்துவிட்டது.

சத்தம் வரும்போது நான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினேன். கேட்க எளிது, செய்யக் கடினம். கழுத்து தானாகத் திரும்பும். எனக்கே ஒரு டிக் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் பிள்ளைகள் சத்தம் வந்ததும் அவனைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் முகம் கரும்பலகையிலேயே இருந்தால், இரண்டு வாரத்தில் அது மின்விசிறிச் சத்தம்போல் ஆகிவிடுகிறது. ‘இன்னைக்குப் பரவாயில்லையே, சத்தமே இல்லையே’ என்று பாராட்டவும் கூடாது. டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் வரும்.

வகுப்பிடம் சொல்ல வேண்டுமா என்பதை அவனிடமும் அம்மாவிடமும் கேட்டேன். அவன் ஒரு நிபந்தனை போட்டான், தான் அறையில் இருக்கக் கூடாது. அவனை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, உங்களிடம் செய்ததுபோல் அந்த ஒரு நிமிடக் கண் சிமிட்டலைச் செய்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள், மன்னிக்கவும். ஒரு பெண் எழுந்து, “அப்ப நாங்க சிரிச்சப்ப அவன் இன்னும் அதிகமா அடக்கியிருப்பான்ல டீச்சர்?” என்று கேட்டாள்.

டிக்கைவிடப் பெரிய தொல்லை வேறு இருக்கலாம். டூரெட் உள்ள பல பிள்ளைகளுக்குக் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்திருக்கும், அல்லது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணச் சுழற்சி இருக்கும். தம்பி ஒரே எண்ணை எழுதி அழித்து, எழுதி அழித்து, தாளையே கிழித்துவிடுவான். சோம்பேறி, கையெழுத்து மோசம் என்று நாம் குறிப்பெழுதுவது இதற்குத்தான். கண் டிக் உள்ள பிள்ளை சத்தமாக வாசிக்கும்போது வரி தவறும். கை டிக் உள்ள பிள்ளைக்குப் படம் வரைவது சிரமம். முதல் பாடவேளையில் தூங்குகிறான் என்றால் மருந்தின் விளைவாக இருக்கலாம், எழுப்புவதற்கு முன் கேளுங்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. உறுத்தல் வரும்போது வேறோர் அசைவைச் செய்யப் பழக்கும் நடத்தைப் பயிற்சியும் இருக்கிறது. அது மருத்துவரும் உளவியலாளரும் முடிவுசெய்ய வேண்டியது.

நாம் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அனுப்பிவைத்தால் போதும். ஒன்று மட்டும் பாருங்கள். டிக்கின்போது பிள்ளைக்கு நினைவு இருக்கும், நீங்கள் கேட்டால் பதில் சொல்லும். சில விநாடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டால் கேட்காமல் இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம். தொண்டை வலி, காய்ச்சல் வந்து சில வாரம் அல்லது மாதம் கழித்துக் கை கால் நெளிய ஆரம்பித்து, கையில் எடுத்ததெல்லாம் கீழே விழுந்தால், அது வாதக் காய்ச்சலின் தொடர்ச்சியாக இருக்கலாம், இதயத்தையும் பார்க்க வேண்டும். இவை காத்திருக்கக் கூடாதவை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார். பெற்றோருக்கு மனச்சோர்வு என்றால் 14416 டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள்.

ஒரு சிக்கல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் உள்ள 21 வகைகளில் டூரெட் என்ற பெயர் தனியாக இல்லை. நாள்பட்ட நரம்பியல் நிலைகள் என்று ஒரு வகை இருக்கிறது, ஆனால் சான்றிதழ் கிடைப்பது மருத்துவக் குழுவின் மதிப்பீட்டைப் பொறுத்தது. சான்றிதழ் இல்லை, ஆகவே சலுகை இல்லை என்று கோப்பை மூடுவது எளிது. அப்படி மூட நினைக்கும்போது விகாஸ் குமார் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்ளும் நரம்பியல் குறை உள்ள ஒரு மருத்துவப் பட்டதாரி அவர். குடிமைப்பணித் தேர்வில் அவருக்குச் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 40 சதவீதம் என்ற எல்லையைக் காட்டி அந்த வசதியை மறுக்க முடியாது, தேவைக்கேற்ற வசதியைச் செய்து தருவது கடமை என்றது. அடுத்த ஆண்டே மத்திய அரசு அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பொதுத் தேர்வுக்கான விண்ணப்பத்தைப் பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே, மருத்துவச் சீட்டோடு அனுப்பத் தொடங்குங்கள். பள்ளித் தேர்வில் தனி அறை கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. நாங்கள் ஆய்வக அறையைக் கொடுத்தோம். அங்கே அவன் விருப்பம்போல் கத்திக்கொண்டே எழுதினான். கணக்கில் 31-லிருந்து 58.

தம்பி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தொண்டைச் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. கண்ணும் தலையும் இருக்கின்றன. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கூட்டம். முன்னால் ஒரு வெட்டிழுப்பும் அந்தப் பழைய சின்ன ஒலியும். நான் திரும்பவில்லை. காவிரிப் பாலம் தாண்டும்போது கண்டக்டர் அவனிடம், “என்னப்பா, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார். “இல்லண்ணே, எனக்கு டூரெட்னு ஒண்ணு. தானா வரும், தானா போகும். சத்திரம் ஒண்ணு குடுங்க” என்றான். அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.